முழு நைட் வாரமும் தகரக் கேட்டும்: ஒரு வீதியின் கோடை விடுமுறை

2023 கோடை விடுமுறையில் எங்கள் வீதியில் நடந்த ஒரு சச்சரவை, மூண்டதிலிருந்து தணிந்ததுவரை எழுதி வைக்கிறேன். வாசலில் பிள்ளைகள் போடும் சத்தம் பொறுக்க முடியவில்லை என்று யாராவது ஒருவர் என்னிடம் யோசனை கேட்டு வந்துகொண்டே இருக்கிறார்கள். முப்பத்தோரு வருஷம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவள் என்பதால் கேட்கிறார்கள். வாய்ப்பேச்சில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது, விட்டுப்போகிற பாதியில்தான் விஷயமே இருக்கிறது. பெயர்களை மட்டும் தவிர்த்திருக்கிறேன். வீதியில் யாரை எப்படிக் குறிப்பிடுவோமோ அப்படியே இங்கும்.

இடமும் ஆட்களும்

கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவில், அவிநாசி ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். சோளக்காடாகக் கிடந்ததைச் சைட் பிரித்து விற்றதில் உண்டான வீதி. அகலம் 23 அடி, ஒரு முனை முட்டுச்சந்து. வண்டி அதிகம் வராது என்பதால் பிள்ளைகளுக்கு இதைவிட வாகான இடம் கிடையாது. மேற்கு வரிசை முழுக்கச் சொந்த வீடுகள். அவற்றின் பின்சுவரை ஒட்டி ஒரு தறிக்குடோன், பகலும் இரவும் ஓடும். கிழக்கில் பாதி தூரத்துக்கு லைன் வீட்டு வளவு. எட்டு அறைகள், ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து, மேலே சிமெண்ட் ஷீட். எட்டிலும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள்தான். தேனிப் பக்கத்துக்காரர்கள் மூன்று குடும்பம், ஒடிசாக்காரர்கள் இரண்டு, மற்றவர்கள் நம்ம தாராபுரம், காங்கயம் பக்கம்.

மில்காரத் தம்பி வீடு வளவுக்கு நேர் எதிரே. நூல் மில்லில் ரிங் பிரேம், அதாவது நூல் நூற்கும் மெஷின், பார்க்கிறார். ஷிப்ட் வாராவாரம் மாறும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட். முழு நைட் என்றால் இரவு 12 மணிக்கு ஏறிக் காலை 8 மணிக்கு இறங்குவது. வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு ஒன்பதரைக்குப் படுத்தால் மூன்று மணி வரையாவது தூங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ராத்திரி ஓடும் மெஷினுக்கு முன்னால் கண்ணைச் செருகிக்கொண்டு நிற்க வேண்டிவரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவர் செய்த ஒரு காரியத்தை வைத்து வீதியே அவரை ஈரமில்லாதவர் என்று முடிவுகட்டியது. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

பிள்ளைகள் பதின்மூன்று பேர். வளவில் எட்டு, எங்கள் வரிசையில் ஐந்து. இதில் ஒரு பெண் குழந்தையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பதினொரு வயசு. அப்பாவும் அம்மாவும் காலை எட்டரைக்குக் கம்பெனிக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் பார்த்து இரவு ஒன்பதுக்குத்தான் வருவார்கள். அறைச் சாவி அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கும். இடுப்பில் இரண்டு வயசுத் தம்பி. சாவிக்காரப் பாப்பா என்று சொன்னால்தான் வீதியில் எல்லாருக்கும் தெரியும்.

சண்டை முற்றிய விதம்

ஏப்ரல் கடைசியில் லீவு விட்டதும் காலை ஒன்பதரைக்கே கிரிக்கெட் தொடங்கியது. வெயில் உச்சிக்கு ஏறும் வரை ஒரு ஆட்டம், பொழுதோட ஒரு ஆட்டம். மில்காரர் வீட்டுக் கேட் தகரம் அடித்தது. பந்து அதில் பட்டால் அண்டா உருண்ட மாதிரி கேட்கும்.

அந்த வாரம் அவருக்கு முழு நைட். முதல் இரண்டு நாள் எழுந்து வந்து அதட்டினார். "டேய், மனுசன் தூங்கறதில்லையா? அக்கட்டா போயி விளையாடுங்கடா." பிள்ளைகள் பத்து நிமிஷம் அடங்குவார்கள், மறுபடி ஆரம்பிப்பார்கள். மூன்றாம் நாள் பந்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அவர்கள் வேறு பந்து வாங்கினார்கள். அதையும் பிடுங்கினார். வாரக் கடைசியில் மூன்றாவது பந்தை அரிவாள்மனையில் வைத்து இரண்டாகப் பிளந்து வீதியில் வீசினார். ஆளுக்கு ஐந்து ரூபாய் என்று சிலுவாட்டுக் காசு போட்டு வாங்கிய பந்து. சின்னவன் ஒருத்தன் அதில் ஒரு பாதியை வெகுநாள் டவுசர் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான்.

அதுவரை பந்து கேட்டில் பட்டது தற்செயல். அதற்குப் பிறகு குறிபார்த்து எறிந்தார்கள். கேட்டைத் தட்டிவிட்டு ஓடினார்கள். ஆக, சத்தத்தைக் குறைக்க அவர் எடுத்த நடவடிக்கையே சத்தத்தை எச்சாக்கியது. இதுபோன்ற தகராறுகளில் நான் பார்த்தவரை, பந்தை அறுப்பதும் பிடுங்குவதும் ஒருமுறைகூடப் பலன் தந்ததில்லை. பிள்ளைகளிடம் அடுத்த பந்து எப்படியும் வந்துவிடும். அறுத்தவர்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதை திரும்ப வராது.

மூன்று வாரம் கழித்து அடுத்த முழு நைட். இரண்டாம் நாளே 100-க்குப் போன் செய்துவிட்டார். இரண்டு காவலர்கள் வந்தார்கள், தணிவாகத்தான் பேசினார்கள். "சின்னப் பசங்க விளையாடறதுக்கு நாங்க என்னங்க பண்றது, பெரியவங்க உக்காந்து பேசி முடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் வந்து போன வண்டி வந்து போனதுதான். அன்று இரவு வளவுக்காரர்களுக்கும் எங்கள் வரிசைக்கும் வாக்குவாதம். 'நாங்க வாடகைக்கு இருக்கறவங்கன்னுதான போலீசைக் கூட்டியாந்தீங்க' என்று ஒருவர் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஒடிசாக் குடும்பங்கள் இரண்டும் பயந்துபோய், பிள்ளைகளை அறைக்குள் விட்டு வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போயின. மே மாத வெயிலில் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே பத்துக்குப் பத்து அறைக்குள் இரண்டு குழந்தைகள். மூன்றாம் நாள்தான் எனக்கு விவரம் தெரிந்தது. வீதி அன்றைக்கு அமைதியாக இருந்ததை நல்லது என்று நினைத்து நானும் நிம்மதியாக இருந்திருக்கிறேன். இப்போது எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது.

என் தவறு இன்னொன்றும் உண்டு. அதே வாரம் சாவிக்காரப் பாப்பாவின் அம்மாவிடம், அவர் வேலை முடிந்து களைத்து வந்து நின்ற ஒன்பது மணிக்கு, "உங்க பொண்ணு சொன்னா பசங்க கேப்பாங்க, கொஞ்சம் சொல்லி வைங்க அம்மிணி" என்றேன். "சரிங்கம்மா" என்றார். பத்து மணிக்கு அந்த அறையிலிருந்து பிள்ளை அழும் சத்தம் கேட்டது. பெற்றவர்களிடம் புகார் சொல்லும்போது, அவர்களிடம் அந்த நேரத்தில் அடியைத் தவிர வேறு என்ன மிச்சம் இருக்கிறது என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் அந்தக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, தம்பியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

தறிச் சத்தத்தில் தூங்குகிறவர்

ஞாயிற்றுக்கிழமை மில்காரத் தம்பியிடம் தனியாகப் போய்ப் பேசினேன். ரொம்ப நாளாக எனக்கு இருந்த சந்தேகத்தைக் கேட்டேன். தறிக்குடோன் அவர் வீட்டுப் பின்சுவரிலிருந்து பதினைந்து அடி. அந்தச் சத்தத்தோடு ஒப்பிட்டால் பிள்ளைகள் போடும் கூச்சல் எம்மாத்திரம்?

"தறிச் சத்தத்துல எப்படித் தம்பி தூங்கறீங்க?"

"கரண்டு போயி தறி நின்னாத்தானுங்க டீச்சர் எனக்கு முழிப்பே வருது."

இந்த ஒரு பதிலில்தான் எனக்கு வழி தெரிந்தது. சத்தம் எவ்வளவு பெரியது என்பது மட்டும் தொல்லையைத் தீர்மானிப்பதில்லை. தறி ஒரே தாளத்தில் ஓடுகிறது. அடுத்த நொடி என்ன வரும் என்று மூளைக்குத் தெரியும், தெரிந்ததை அது கேட்காமல் விட்டுவிடுகிறது. கேட்டில் விழும் பந்து அப்படி இல்லை. அடுத்தது பத்து நொடியில் வரலாம், நாலு நிமிஷத்தில் வரலாம். படுத்திருக்கிறவர் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார், அந்தக் காத்திருப்புதான் தூக்கத்தைத் தின்கிறது. இதில் மனிதக் குரலுக்குத் தனி வலு. தூங்குகிறவரின் மூளை, மற்றப் பெயர்களைவிடத் தன் பெயருக்கு வேறு மாதிரி எதிர்வினை காட்டுகிறது என்று 1960-லேயே பிரிட்டனில் இயன் ஆஸ்வால்ட் குழுவினர் மூளையலைப் பதிவுகளில் காட்டியிருக்கிறார்கள். எங்கள் மில்காரருக்கு ஆறு வயசில் மகள். வீதியில் எந்தப் பிள்ளை "அப்பா" என்று கத்தினாலும் இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

இன்னொரு ஆராய்ச்சி இதைவிட முக்கியம். அமெரிக்காவில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1972-ல் வெளியிட்டது. ஆட்களை ஓர் அறையில் உட்கார வைத்து, எப்போது வரும் என்று தெரியாத இரைச்சலைக் கேட்க வைத்தார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், தாங்க முடியாவிட்டால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது என்றார்கள். பெரும்பாலும் யாரும் அழுத்தவில்லை. இரு தரப்பும் கேட்டது ஒரே இரைச்சல்தான். ஆனால் அதற்குப் பிறகு கொடுத்த வேலைகளில், பொத்தான் இருந்தவர்கள் பிழை குறைவாகவும் பொறுமை அதிகமாகவும் செய்தார்கள். நிறுத்த முடியும் என்று தெரிந்திருந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது.

மில்காரரிடம் அந்தப் பொத்தான் இல்லை. அதட்டினார், பந்தைப் பிடுங்கினார், அறுத்தார், போலீசைக் கூப்பிட்டார். எல்லாமே பொத்தானைத் தேடியதுதான். எதுவும் வேலை செய்யவில்லை, ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அதே சத்தம் அவருக்கு இன்னும் பெரிதாகக் கேட்டது.

சட்டத்தையும் பார்த்தேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. வரம்புக்குமேல் 10 டெசிபலோ அதற்கு அதிகமோ போனால் புகார் கொடுக்கலாம். பகலில் தூங்குகிறவருக்கென்று தனி ஏற்பாடு அதில் இல்லை. அந்தக் கணக்குப் பார்த்தால் முதலில் மாட்டுவது பிள்ளைகள் அல்ல, தறிக்குடோன். ஜெர்மனியில் 2011-ல் சட்டத்தைத் திருத்தி, குழந்தைகள் காப்பகத்திலும் விளையாட்டு மைதானத்திலும் எழும் பிள்ளைகளின் சத்தத்தைப் பொதுவாகத் தீங்கான இரைச்சலாகக் கொள்ளக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்கிறது. அதே வரியில் ஓய்வையும் சொல்கிறது. மில்காரர் கேட்டதும் அந்த ஓய்வைத்தான்.

பிள்ளைகளிடம் கேட்டது

அதுவரை யாரும் பிள்ளைகளிடம் எதையும் கேட்கவில்லை, சொல்லத்தான் செய்தோம். அடுத்த நாள் எங்கள் வீட்டு வாசப்படியில் உட்கார வைத்து மோர் கொடுத்துக் கேட்டேன். எத்தனையோ வாசல் இருக்க அந்த மாமா கேட்டுக்கு முன்னால்தான் ஆட வேண்டுமா?

"அங்கதானுங் டீச்சர் கீப்பர் வேண்டாம்."

யோசித்துப் பார்த்தால் நியாயம். பதின்மூன்றில் நாலு பொடுசு, ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. மிச்சம் ஒன்பது பேரில் ஸ்டம்புக்குப் பின்னால் நிற்க எவனுக்கும் பிரியமில்லை. அந்தக் கேட் பந்தைத் தடுத்து நிறுத்தும். மற்ற இடத்தில் விட்டால் சாக்கடையில் போய் விழும். பொல்லாத்தனத்தில் அந்தக் கேட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை.

பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகலாமே என்றேன். மைதானம் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம். "வளவை விட்டு அக்கட்டா போகக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு" என்றாள் சாவிக்காரப் பாப்பா. பூட்டிய அறையும், இடுப்புத் தம்பியும், மதியம் மூன்று மணிக்கு வரும் தண்ணீரும் அவள் பொறுப்பு. லைன் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இதே கட்டளை. வேறு எங்காவது போய் விளையாடுங்கள் என்று நாங்கள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது, அவர்களால் செய்யவே முடியாத காரியம்.

கடைசியாக ஒரு பையன் கேட்டான். "மாமா ஒரு வாரம் பகல்ல தூங்கறாரு, ஒரு வாரம் இருக்கறதே இல்ல, ஒரு வாரம் காலைல உக்காந்து பேப்பர் படிக்கறாரு. எப்பத் தூங்கறாருன்னு எங்களுக்கு எப்படிங் டீச்சர் தெரியும்?"

அவரையும் அழைத்து வந்து உட்கார வைத்தேன். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்ற பேச்சையே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாப்பாதான் ஆரம்பித்தாள். "ராத்திரி முழுக்க மில்லுல என்ன மாமா பண்ணுவீங்க?" "அறுந்த நூலை ஒட்டிட்டே நடப்பேன் கண்ணு, உக்கார முடியாது" என்றார். ராத்திரி முழுக்கவா, பேய் வராதா, டீ குடுப்பாங்களா என்று கேள்வி மேல் கேள்வி. அரை மணி நேரம் பேசியிருப்பார்கள். அன்று சாயங்காலம் அவராகவே போய் மூன்று பந்து வாங்கி வந்து கொடுத்தார்.

செய்தவை

ஆடும் திசையைத் திருப்பினோம். ஸ்டம்பு இப்போது என் வீட்டுக் காம்பவுண்ட் சுவரோரம். பின்னால் ஒரு சணல் சாக்கில் பனியன் கட்டிங் வேஸ்ட் திணித்துத் தொங்கவிட்டோம். எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை, கிலோக் கணக்கில் கிடைக்கும். தகரம் பந்தின் வேகத்தை வாங்கித் தானே அதிர்ந்து பறைபோல ஒலிக்கும். துணி நிறைந்த சாக்கு அதே வேகத்தைத் தன்னுள்ளே உறிஞ்சிக்கொள்ளும், பந்து சத்தமில்லாமல் காலடியில் விழும். கீப்பரும் ஆயிற்று.

கேட்டை ஆராய்ந்ததில் பாதிச் சத்தம் தகரத்தினுடையது இல்லை, தொளதொளத்த கொண்டியினுடையது என்று தெரிந்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கொண்டிக்கும் சட்டத்துக்கும் நடுவில் சுற்றினார் மில்காரர். கால் மணி நேர வேலை.

விதியைப் பிள்ளைகளே வைத்துக்கொண்டார்கள். மாமா கேட்டில் பந்து பட்டால் அவுட், எடுத்த ரன்னும் கழிவு. நான் சொல்லியிருந்தால் இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

கேட்டில் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கியது. முழு நைட் வாரத்தில் "மாமா தூங்குறார்" என்ற பக்கம் வெளியே தெரியும். அதைத் திருப்பி வைக்கும் பொறுப்பு சாவிக்காரப் பாப்பாவுக்கு. சிலேட் தெரிகிற வாரம் மூன்று மணி வரை ரப்பர் பந்து கிடையாது. கட்டிங் வேஸ்டை உருட்டி டியூப் வளையம் போட்ட துணிப்பந்துதான். "அப்பா", "அம்மா" என்று கத்தக் கூடாது என்பதையும் சேர்த்தோம், ஆனால் அதை ஒருவரும் கடைப்பிடிக்கவில்லை. எந்தக் குழந்தையால் முடியும்?

மில்காரர் தம் பங்குக்குக் கட்டிலைத் தெருப்பக்க அறையிலிருந்து பின்னறைக்கு, தறிக்குடோன் பக்கம், மாற்றினார். வீட்டில் ஆளாளுக்குச் சிரித்தார்கள், ஆனால் காரணம் சரியானது. ஒரே சீரான சத்தம் திடீர்ச் சத்தங்களை மூடிவிடும். தறி இல்லாத வீட்டில் டேபிள் ஃபேனைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஓடவிட்டாலும் ஓரளவு இதே பலன் கிடைக்கும்.

பொத்தானும் வைத்தோம். அவருக்கு நிஜமாகவே தாங்க முடியாவிட்டால் ஜன்னலில் ஒரு சிவப்புத் துண்டைப் போடுவார். போட்டால் அரை மணி நேரம் ஆட்டம் நிற்கும், யாரும் காரணம் கேட்கக் கூடாது.

பின்பு

அடுத்த முழு நைட் வாரம் ஜூன் தொடக்கத்தில் வந்தது. பள்ளி இன்னும் திறக்கவில்லை. அந்த ஆறு நாளில் சிவப்புத் துண்டு ஒரே ஒரு முறைதான் ஜன்னலில் தொங்கியது. மூன்று மணி வரை தூங்கினார் என்று சொல்ல மாட்டேன். ஒன்றரை, இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். ஆனால் விழித்ததும் கோபம் வருவதில்லை என்றார். "பசங்க எனக்காகத்தான மெதுவா ஆடறாங்கன்னு தெரியுது, அப்படியே மறுபடி கண்ணசந்துடறேன்."

எல்லாருக்கும் தீர்ந்துவிடவில்லை. எனக்கு அடுத்த வீட்டுப் பெரியம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி. ஸ்டம்பை என் சுவருக்கு மாற்றியதில் கூச்சல் அவர் ஜன்னலுக்கு நெருங்கிவிட்டது. தலைவலி நாட்களில் அவர் பேரன் வந்து சொல்வான், ஆட்டம் முட்டுச்சந்து முனைக்கு நகரும். அதற்கு மேல் அவருக்கு நல்ல வழி ஒன்றை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ரிசர்வ் சைட் கதையையும் சொல்ல வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மிச்ச நிலத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்கியாக வேண்டும். எங்கள் லேஅவுட்டிலும் அப்படி ஒன்று உண்டு. சீமைக்கருவேல முள்ளும் பார்த்தீனியமும் மண்டி, பாம்புப் புழக்கத்தோடு கிடந்தது. பிள்ளைகளின் சத்தத்தைப் பற்றிச் சண்டை போட்ட நாங்கள் ஒருவர்கூட, அவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் எங்கே என்று கேட்கவில்லை. வளவும் வரிசையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். அந்த வருஷக் கடைசியில் முள்ளை அகற்றினார்கள். பெரிய பையன்கள் பொழுதோட அங்கே போகிறார்கள். சின்னவர்களும் சாவி சுமக்கிறவர்களும் வீதியில்தான் ஆடுகிறார்கள்.

பொங்கல் முடிந்ததும் சாவிக்காரப் பாப்பாவின் குடும்பம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. போகுமுன் சிலேட்டை எப்படித் திருப்புவது என்று மில்காரர் மகளுக்குக் காட்டிக்கொடுத்தாள். அந்தக் குழந்தைக்கு எட்டாது என்பதால் ஆணியைக் கீழே இறக்கி அடித்தார் அவள் அப்பா. சாக்கை எலி கடித்து அடிப்பக்கம் பிரிந்துவிட்டது. அடுத்த லீவுக்குள் புதுச் சாக்குத் தைத்து, இந்த முறை ஓரத்தில் கம்பி வலை வைத்துக் கட்டலாம் என்றிருக்கிறோம்.